மையும் தேற்றாங்கொட்டையும்

‘உறிஞ்சுதல்’ என்னும் ஒரு சொல்லால் நாம் பொதுவாகக் குறிக்கும் செயல்கள் இரண்டு உள. மையொற்றும் தாள், சிந்திய மையைத் தன்னுள்ளே இழுத்துக்கொள்கிறது. இஃது அகத்துறிஞ்சல். கரித்துண்டு, நீரிலுள்ள நிறத்தையும் நாற்றத்தையும் தன் மேற்பரப்பிலும் நுண்துளைகளின் சுவர்களிலும் பற்றிக்கொள்கிறது. இது புறத்துறிஞ்சல். முன்னது விழுங்குதல், பின்னது ஒட்டிக்கொள்ளுதல்.

சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் மாலையிற் பூப்போலத் தொடுக்கப்பட்டு நீண்ட சங்கிலியாக அமைந்த பொருளைப் பல்பகுதியம் என்பர். மாப்பொருள், பிசின், புரதம், இறப்பர், பொலித்தீன் யாவும் இவ்வினத்தன. இவற்றுள் விழுங்குவனவும் உண்டு. குழந்தைகளின் அணையாடையில் வைக்கப்படும் வெண்ணிறத் தூள், தன் நிறையைப்போலப் பன்னூறு மடங்கு தூய நீரைக் குடித்து வீங்கிக் களியாகிவிடும். இவ்வாரம் நாம் ஆராயப்போவது மற்றை வகையை. அதாவது, இத்தகைய சங்கிலிகள் ஒரு துணிக்கையின் மேல் ஒட்டிக்கொண்டால் நிகழ்வது யாது என்பதை.

விளக்குப் புகைக்கரியை வெறும் நீரிற் கலக்கிப் பாருங்கள். கரி திரள் திரளாகச் சேர்ந்து, மேலே மிதக்கும். அன்றேல் அடியிற் படியும். நுண்ணிய துணிக்கைகள் ஒன்றையொன்று அணுகும்போது அவற்றிடையே இயல்பாகவுள்ள கவர்ச்சி அவற்றைப் பிணைத்துவிடுவதே இதற்குக் காரணம். அதே கரியைச் சிறிது பிசினுடன் நன்றாக அரைத்துப் பின் நீர் சேர்த்தால், நாட்கணக்காகப் படியாத கரிய மை கிடைக்கும். பண்டை எகிப்தியர் வேல மரப் பிசினைக் கொண்டும், சீனர் விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைக் கொண்டும் இவ்வாறே மை செய்தனர்.

பிசின் இங்கே ஆற்றும் தொண்டு யாது? அதன் நீண்ட சங்கிலி, கரித்துணிக்கையை முழுவதும் தழுவிக் கிடப்பதில்லை. சில இடங்களில் மேற்பரப்பைப் பற்றியும், இடையிடையே வளையங்களாக எழுந்தும், நுனிகளை நீரினுள் நீட்டியும் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு துணிக்கையும் மயிர் போர்த்தது போலாகிறது. இரு துணிக்கைகள் நெருங்கினால் இம்மயிர்கள் ஒன்றோடொன்று நெருக்குண்டு, தாராளமாக அசைய இடமின்றிப் போகும். நெரிந்த அவ்விடத்துக்குள் நீரும் புகுந்து அவற்றை அகற்றும். கவர்ச்சி பலிக்குமளவு நெருங்குவதற்கு முன்னரே துணிக்கைகள் விலகிவிடுகின்றன.

இக்காவலை அளந்து காட்டியவர் றிச்சாட் சிக்மொண்டி என்னும் இரசாயன அறிஞர். பொன்னின் நுண்துணிக்கைகள் கலந்த நீர் மாணிக்கச் சிவப்பாக இருக்கும். உப்புக் கரைசல் சேர்த்தால் துணிக்கைகள் கூடி நிறம் நீலமாக மாறும். 10 மில்லிலீற்றர் பொற்கூழில் 1 மில்லிலீற்றர் பத்து வீத உப்புக் கரைசலைச் சேர்க்கும்போது இம்மாற்றத்தைத் தடுக்க எத்தனை மில்லிகிராம் காப்புப்பொருள் தேவை என்பதை அவர் 1901ஆம் ஆண்டில் ‘பொன் எண்’ என வகுத்தார். செலற்றீனுக்கு அது 0.01 அளவினது, ஒரு மில்லிகிராமின் நூறிலொரு பங்கு! கூழ்ப்பொருள்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1925ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இனி இதன் மறுபுறத்தைப் பார்ப்போம். நம் நாட்டின் வரண்ட காடுகளில் வளரும் தேற்றா மரத்தின் கொட்டையை மட்பானையின் உட்புறத்திற் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால், சேறு அடியிற் படிந்து நீர் தெளியும். கலித்தொகையிலேயே இவ்வழக்கம் உவமையாக வருகின்றது. அக்கொட்டையிலும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளே உள்ளன. பிசின் பிரித்து வைத்தது. இதுவோ சேர்த்து வைக்கிறது. முரண்பாடு போலத் தோன்றும் இதன் மர்மம் பெரிதும் அளவிலேயே தங்கியுள்ளது.

சங்கிலிகள் மிகுதியாக இருந்தால் ஒவ்வொரு துணிக்கையும் முழுவதும் போர்க்கப்பட்டுத் தனித்து நிற்கும். அவை சிலவாக இருப்பின், துணிக்கையின் மேற்பரப்பிற் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். ஒரு துணிக்கையைப் பற்றிய சங்கிலியின் மறுமுனை, அயலிலுள்ள துணிக்கையின் வெற்றிடத்தைப் பற்றிப் பாலமாகிவிடும். இவ்வாறு பல துணிக்கைகள் பிணைந்து, பஞ்சுபோலத் திரண்டு, தம் பாரத்தால் அமிழ்கின்றன. நீர்சுத்திகரிப்பு நிலையங்களிற் படிகாரத்துடன் பொலியக்கிறிலமைட்டு என்னும் செயற்கைப் பல்பகுதியத்தைச் சேர்ப்பதும் இதன் பொருட்டே. அங்கும் ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் குறைவாகவே பெரும்பாலும் இடுவர். கூடிவிட்டால் படிய வேண்டிய சேறு மறுபடியும் நீரிலே நின்றுவிடும். ஆகவே, ‘சிறிது நன்மை செய்தால் மிகுதி இன்னும் நன்மை செய்யும்’ என்னும் கணக்கு இங்கே பொருந்தாது.

இல்லத்தரசிகளும் மாணவரும் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. தேற்றாங்கொட்டையோ படிகாரமோ தெளிவித்த நீர், கண்ணுக்குத் தெளிந்த நீரேயன்றிக் குடித்தற்குத் தூயதாகிவிட்ட நீர் அன்று. நோய்க்கிருமிகளுட் சில சேற்றுடன் அமிழலாம்; எல்லாம் அமிழ்வதில்லை. வெள்ளம் வடிந்த பின் கிணற்று நீர் கண்ணாடிபோல் இருப்பதைக் கண்டு அப்படியே பருகுவது ஆபத்தாகும். தெளித்து, துணியால் வடித்து, நன்கு கொதிக்கவைத்து ஆறிய பின்னரே அதனைப் பருகுதல் வேண்டும்.

உப்பும் நைத்திரேற்றும் போன்று நீரிற் கரைந்துவிட்ட பொருள்களுக்கோ பற்றிக்கொள்ள மேற்பரப்பே இல்லை. அவற்றைச் சங்கிலி பிணைக்காது, கொதிக்கவைத்தலும் நீக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆய்வுகளால் அறியப்பட்டதாகலின், தோட்ட நிலங்களை அடுத்த கிணற்று நீரைச் சோதிப்பித்த பின்னரே கைக்குழந்தைகளின் பால்மாவைக் கரைக்க எடுத்தல் நன்று.