ஆளில்லாத நிலம் எண்டு ஒண்டு இல்லை

ஸ்கொட்லாந்தில் நடக்கும் நெடுந்தூர ஓட்டப் போட்டிகளின் வீடியோக்களைக் கொஞ்சக் காலமாகத் தொடர்ந்து பார்த்து வருகிறோம். எங்களில் இரண்டு மூன்று பேர் ஓடுகிற ஆக்கள். மற்றவர்கள் ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற ஆக்கள். இரண்டு தரப்பையும் இழுத்தது அந்த இடம்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மரமே இல்லாத மேட்டுவெளி, நடுவில் சின்னப் புள்ளியாக ஒரு மனுசன். படத்துக்குக் கீழே எழுதப்படும் வரிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும்: மனிதர் தொடாத நிலம், யாரும் வாழாத வெளி, பிரித்தானியாவின் கடைசிக் காட்டுநிலம்.

இந்த வரிகளோடுதான் எங்களுக்குப் பிரச்சினை. ஓட்டத்தோட இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறோம்.

கேப் ராத் அல்ட்ரா என்ற போட்டியை எடுத்துக்கொள்வோம். 2016 இல் முதல் தடவை நடந்தது. போர்ட் வில்லியமில் தொடங்கி, பிரித்தானியப் பெருநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கேப் ராத் வெளிச்சவீட்டில் முடிகிறது. எட்டு நாள், 400 கிலோமீற்றர். ஒரு நாளில் 70 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டியும் வரும். கடைசி நாள் 26 தான். நகரத்து மரதன் மாதிரித் தார் ரோட்டும் கைதட்டலும் இங்கே கிடையாது. பாதையில் அம்புக்குறி இல்லை. வரைபடத்தையும் ஜிபிஎஸ் கருவியையும் பார்த்துத் தாங்களே வழி பிடிக்க வேணும். பாலமில்லாத ஆறுகளில் இறங்கிக் கடக்க வேணும். மழைச்சட்டை, திசைகாட்டி, விசில் இல்லாமல் புறப்பட விடமாட்டார்கள். குறித்த நேரத்துக்குள் குறித்த இடத்தைக் கடக்காவிட்டால், முழுத்தூரம் முடித்தவர்களின் பட்டியலில் இடமில்லை. 'ஓட்டம்' என்று பெயர் இருந்தாலும் முக்கால்வாசிப் பேர் நிறைய நேரம் நடக்கிறார்கள். சேற்றில் வேற என்ன செய்ய ஏலும்?

அந்தச் சேற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேணும். மூர் என்று அவர்கள் சொல்லும் மேட்டுவெளியில் ஹெதர் பற்றையும் புல்லும் பாசியும் மூடிக் கிடக்கும். அடியில் பீற் எனப்படும் கறுப்பு மண். முழுதாக உக்கிப் போகாத தாவரங்கள் நீருக்குள் சேர்ந்து சேர்ந்து உண்டானது. அது வளர்கிற வேகம் வருசத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். முழங்கால் வரைக்கும் புதைகிற ஒருவரின் கால் சுமார் ஐந்நூறு வருசத்துக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்ப அந்த ஓட்டக்காரர்கள் கையில் வைத்திருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். மூன்றாம் நாள் முடிகிற இடத்தின் பெயர் ஆக்னஷெல்லக். கேலிக் மொழியில் அதன் பொருள் வில்லோ மரங்கள் நிற்கும் வயல். ஆறாம் நாள் முடிகிற இடம் இஞ்ச்னடாம்ப். மான்களின் புல்வெளி என்று பொருள். ஹைலண்ட்ஸ் வரைபடம் முழுக்க இப்படித்தான்: வயல், ஊர், கோடைகால மாட்டுக் குடில் என்று பொருள்படும் பெயர்கள். போய்ப் பார்த்தால் பல இடங்களில் வயலும் இல்லை, ஊரும் இல்லை. யாருமே வாழாத இடத்துக்கு ஊர் என்று பெயர் வைத்தது ஆர்?

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்ததை ஹைலண்ட் வெளியேற்றங்கள் என்று வரலாற்றில் சொல்கிறார்கள். குடியானவர்கள் கொடுக்கிற வாடகையை விடச் செம்மறி ஆட்டுப் பண்ணை கூடுதல் லாபம் தரும் என்று காணிச் சொந்தக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். கேப் ராத் இருக்கும் அதே சதர்லாந்துப் பகுதியில், ஸ்ட்ராத்நேவர் என்ற பள்ளத்தாக்கில், 1814 இல் வீடுகளுக்கு நெருப்பு வைத்து ஆக்களை எழுப்பினார்கள். அதற்குப் பொறுப்பான பற்றிக் செல்லர் என்பவர் மேல் வழக்குப் போட்டார்கள். 1816 இல் விடுதலையாகிவிட்டார். போட்டியின் இரண்டாம் நாள் தொட்டுக்கொண்டு போகும் நொய்டார்ட்டில், 1853 இல் நூற்றுக்கணக்கான சனத்தைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1845 இல் கிளென்கால்வி என்ற இடத்துச் சனம் துரத்தப்பட்டுக் குரோய்க் தேவாலயத்து முற்றத்தில் ஒதுங்கினார்கள். அந்தத் தேவாலயத்தின் கண்ணாடி யன்னலில் அவர்கள் கீறி எழுதியவை இன்றைக்கும் இருக்கின்றன. நடந்ததைத் தங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சிலர் நினைத்ததும் அதில் தெரிகிறது. எங்களை உலுக்கியது அதுதான்.

செம்மறிக்குப் பிறகு மான் வேட்டைக்கான பெருங்காணிகள் வந்தன. அந்த வெளியில் மரம் இல்லாததுக்குக் குளிரும் மழையும் ஒரு காரணம். ஆயிரக்கணக்கான வருச மனிதக் கையும் ஒரு காரணம். இன்றைக்கும் முளைக்கிற கன்றை மான் தின்றுவிடுகிறது. வீடியோவில் நாங்கள் பார்த்து வாய் பிளக்கிற வெறுமையில் பெரும்பகுதி உண்டாக்கப்பட்ட வெறுமை.

கரையோரம்? அதுக்கும் இந்தக் கதையில் பங்கிருக்கு. உள்நாட்டிலிருந்து துரத்தப்பட்ட பலரைக் கடற்கரையில் துண்டுக் காணிகளில் கொண்டுபோய் இருத்தினார்கள். அந்தத் துண்டுகள் வேணுமென்றே சின்னதாக அளக்கப்பட்டவை. அதை மட்டும் நம்பிச் சீவிக்க ஏலாது. மீன்பிடிக்கோ, கடற்பாசி எரிக்கிற கூலி வேலைக்கோ போயே ஆகவேணும். அதாவது மூரிலிருந்து கரைக்கு இறங்குகிற அந்த அழகான பாதை, ஒரு காலத்தில் சனம் துரத்தப்பட்ட திசையும்தான்.

இதை ஒரு தூய்மையான சோகக் கதையாக்கவும் எங்களுக்கு விருப்பமில்லை. கப்பலேறிப் போனவர்களில் பலர் கனடாவில் அங்கிருந்த பூர்வகுடிகளின் நிலத்தில் குடியேறினார்கள். நிலம் பறிகொடுத்தவர்கள் இன்னொருவர் நிலத்தில் ஏர் பூட்டினார்கள். அந்த நிலத்தையும் அப்போது 'ஆளில்லாத நிலம்' என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்று பாருங்கள்.

சரி, அப்ப ஓடக் கூடாதா? ஓட வேணும். ஏனென்றால் அந்த ஓட்டமே ஒரு போராட்டத்தின் பலன். 1884 இல் ஜேம்ஸ் பிரைஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், ஸ்கொட்லாந்து மலைகளில் சனம் நடமாடும் உரிமைக்காக ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். தோற்றது. 119 வருசம் கழித்து, 2003 இல், ஸ்கொட்லாந்தின் காணிச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. காணி ஆருடையதாக இருந்தாலும், பொறுப்போடு நடக்கலாம், ஓடலாம், கூடாரம் அடித்துப் படுக்கலாம். வீட்டு வளவுக்குள் போகக் கூடாது, பயிரை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்து இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தின் 8 வீதமளவுக்கு மட்டும்தான் இப்படித் திறந்துவிட்டது.

நிலத்துக்கான சண்டை இன்னும் பழையது. ஸ்கை தீவின் பிரேஸ் கிராமத்துச் சனம் 1882 இல் பொலிஸோடு மோதினார்கள். 1886 இல் சின்னக் காணிக்காரரை எழுப்ப முடியாதபடி சட்டம் வந்தது. 1993 இல் அசின்ட் பகுதிச் சிறுகாணிக்காரர்கள் காசு சேர்த்துத் தாங்கள் வாழ்ந்த பெருங்காணியை வாங்கினார்கள். 1999 இல் நொய்டார்ட்டும் ஊராரின் கைக்கு வந்தது. ஊரார் சேர்ந்து காணி வாங்கும் உரிமையும் அதே 2003 சட்டத்தில்தான் எழுதப்பட்டது. ஓடுகிற உரிமையும் திரும்பி வாழ்கிற உரிமையும் ஒரே சட்டத்தின் இரண்டு பகுதிகள். வீடியோவில் முதலாவது மட்டும்தான் தெரிகிறது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இல்லை. ஸ்கொட்லாந்தின் தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி, ஐந்நூறுக்கும் குறைவான உரிமையாளர்களின் கையில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். போட்டியின் கடைசி நாள் சான்ட்வுட் குடாவைத் தாண்டிப் போகும் பாதை பாதுகாப்பு அமைச்சின் பயிற்சி நிலத்துக்குள் நுழைகிறது. போர்க்கப்பலும் விமானமும் உண்மையான குண்டு போட்டுப் பழகுகிற இடம். சிவப்புக் கொடி பறந்தால் நடமாடும் உரிமை அன்றைக்கு இல்லை. 'மனிதர் தொடாத நிலம்' என்று படத்துக்குக் கீழே எழுதுகிறவர்கள் அந்தக் கொடியையும் ஒருக்காப் படம் எடுத்துப் போடலாம். காணி, கொடி, வேலி என்றால் என்ன என்று எங்கட வாசகர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்னொன்று, காசு. அந்தப் போட்டிக்கான கட்டணம் ஆயிரம் பவுணுக்கு மேல். எட்டு நாள் லீவு, நல்ல சப்பாத்து, விமானச் சீட்டு, எங்கட கடவுச்சீட்டுக்கு விசா. சட்டம் எல்லாருக்கும் திறந்த நிலத்தில் காசுள்ளவர்தான் போட்டியாக ஓடலாம். ஆனால் அதே பாதையில் கட்டணமில்லாமல் நடக்கலாம். வழியில் பொதி எனப்படும் சின்ன வீடுகள் இருக்கின்றன, பூட்டே இல்லாமல். 1965 இல் தொடங்கிய ஒரு தொண்டர் சங்கம் இப்படிப் பல வீடுகளைப் பராமரிக்கிறது. அதில் சில, முன்னொரு காலத்தில் ஆரோ குடும்பமாக வாழ்ந்த வீடுகள்.

"ஓடுறவன் ஓடட்டுமே, ஏன் எல்லாத்துக்கையும் அரசியலை இழுக்கிறியள்?" என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எட்டு நாள் நனைந்த சப்பாத்தோட ஓடுகிற ஒருவருக்குத் தன் உடம்போட போராடவே நேரம் போதாது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் 'வெறும் நிலம்' என்ற சொல்லும் அரசியல்தான். அது காணிச் சொந்தக்காரனின் அரசியல். வீடுகளை எரித்த காலத்தில் அவர்கள் அதை 'அபிவிருத்தி' என்றார்கள். இன்றைக்கு நாங்கள் அதை 'இயற்கை' என்கிறோம். இரண்டிலும் அங்கே வாழ்ந்த சனத்துக்கு இடமில்லை. இப்ப வாழ்கிற சனத்துக்கும் இல்லை. கின்லொக்பேர்வி துறைமுகத்தில் மீன் இறக்குகிறவர்கள் ஆளில்லாத நிலத்திலா இருக்கிறார்கள்?

நாங்கள் கேட்பது சின்ன விசயம். புலம்பெயர்ந்த எங்கட பெடியளும் பெட்டையளும் இப்ப இந்த ஓட்டங்களில் சேர்கிறார்கள், படம் போடுகிறார்கள். போடுங்கோ, நாங்களும் பார்ப்போம். ஓடுகிற இடத்தின் பெயருக்கு என்ன பொருள் என்று ஒருக்காத் தேடிப் பாருங்கோ. 'வில்லோ மரங்கள் நிற்கும் வயலில் இன்றைக்குக் கூடாரம் அடித்தோம்' என்று எழுதினாலே போதும். வாசிக்கிறவருக்கு அங்கே ஒரு வயல் இருந்தது தெரியவரும். வயல் இருந்தால் உழுதவர் இருந்திருப்பார். அவருக்கு என்ன நடந்தது என்ற கேள்வியை அவரே கேட்பார்.