கருப்பசாமி பேயா? டிவியும் கார்ட்டூனும் காட்டும் ஊர் தெய்வங்கள்

கோவா சர்வதேச திரைப்பட விழா, 2025 நவம்பர். மேடை ஏறிய பாலிவுட் நடிகர் ரன்வீர் சிங், 'காந்தாரா' படத்தில் வரும் தெய்வத்தை நடித்துக் காட்டினார். அப்போது அதை 'பெண் பேய்' என்று சொல்லிவிட்டார். கர்நாடகாவில் கொந்தளிப்பு. சில நாட்களில் மன்னிப்பும் கேட்டார்.

வாய் தவறி வந்த வார்த்தைன்னு விட்டுடலாமா? அது கஷ்டம். ஊர் சாமியைப் பேய் மாதிரி பார்க்கிற பழக்கத்தை நம்ம சின்னத்திரையும்தான் பல வருஷமா வளர்த்திருக்கு.

மலையில் யார் இருக்காங்க?

திண்டுக்கல் மாவட்டம் அய்யம்பாளையம், பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மருதாநதி அணை, சுற்றிலும் தென்னந்தோப்புகள். அங்கிருந்து மேலே தாண்டிக்குடி பக்கம் ஏறினால் பளியர் பழங்குடிகளின் குடியிருப்புகள். வனதேவதை, பளிச்சியம்மன், கருப்பன் என்று இவர்களுக்குத் தனி சாமிகள் உண்டு. கோபுரமெல்லாம் கிடையாது, சில இடங்களில் ஒரு கல்தான் தெய்வம். சாமியாடி மேல் சாமி இறங்கி வாக்குச் சொல்லும்.

பளியர்களை நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்களிடம் முக்கியமாகக் கவனித்தது என்ன தெரியுமா? சண்டை போடாத குணம். தகராறு வந்தால் திருப்பி அடிக்காமல் விலகிப் போய்விடுவார்கள்.

ஆனா திரையில் பழங்குடி என்றால் எலும்பு மாலை, முகத்தில் சாயம், கையில் ஈட்டி, ஹீரோவைக் கட்டி வைத்து நரபலி. 2015-ல் வந்த 'பாகுபலி'யின் காலகேயர்களை நினைச்சுப் பாருங்க. அவர்களுக்காக மதன் கார்க்கி 'கிளிக்கி' என்று ஒரு மொழியையே உருவாக்கினார். மொழி கிடைத்தது, பேருக்குக்கூட ஒரு நல்ல குணம் கிடைக்கவில்லை.

'விடாது கருப்பு' ஞாபகம் இருக்கா?

90-களின் கடைசியில் சன் டிவியில் வந்த தொடர். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது. உண்மையிலேயே நல்ல தொடர். கொலைகளுக்குக் காரணம் சாமி இல்லை, மனித மனம்தான் என்று கதை முடியும். ஆனா அன்னைக்குப் பார்த்த பிள்ளைங்க மனசில் நின்னது அந்த முடிவு இல்லை, ராத்திரியில் வரும் குதிரைதான். எல்லையைக் காக்கிற, இருட்டில் நடக்கிறவர்கள் துணைக்குக் கூப்பிடுகிற காவல் தெய்வம் கருப்பசாமி. டிவி பார்த்த வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டாலே பயம்.

கார்ட்டூனில் நிலைமை வேற. 'ஹனுமான்' (2005), 'பால் கணேஷ்' (2007), 'லிட்டில் கிருஷ்ணா' (2009) என்று பெரிய தெய்வங்கள் குழந்தைகளின் நண்பர்களாகிவிட்டார்கள். சுடலைமாடனுக்கோ பளிச்சியம்மனுக்கோ பேர் சொல்லும்படி ஒரு கார்ட்டூன் இல்லை. ஆய்வுப் புத்தகங்களே இவர்களைச் 'சிறுதெய்வம்' என்று எழுதிப் பழகிவிட்டன. ஆங்கிலத்தின் 'பேகன்' கதையும் இதுதான். 'பகானஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு நாட்டுப்புறத்து ஆள் என்று அர்த்தம், பிறகு அதுவே ஏச்சாக மாறியது.

இந்தப் பார்வை சட்டம் வரைக்கும் போகும். 2003 ஆகஸ்டில் தமிழக அரசு, 1950-ம் ஆண்டு சட்டத்தைக் காட்டி கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடை போட்டது. கிடா வெட்டு நடக்கும் கிராமங்களில் கடும் எதிர்ப்பு. 2004-ல் அந்தச் சட்டமே ரத்தானது.

வேற வழி இருக்கா?

இருக்கு. 2019-ல் வந்த 'ஃப்ரோசன் 2', தமிழில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்த படம். அதில் வரும் காட்டு மக்கள், வட ஐரோப்பாவின் சாமி பழங்குடிகளை வைத்து உருவாக்கப்பட்டவர்கள். சாமி மக்களின் அமைப்புகளோடு டிஸ்னி ஒப்பந்தம் போட்டு, ஆலோசனை கேட்டு, அவர்கள் மொழியிலும் படத்தை டப் செய்தது. டிஸ்னிக்கு இது தானா வந்த ஞானம் இல்லை. 2016-ல் 'மோனா' படத்துக்காக, பசிபிக் தீவு மக்களின் மாவியைப் போல பச்சை குத்திய உடையைக் குழந்தைகளுக்கு விற்கப் போய், எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றிருந்தது.

இங்கே அவ்வளவு பெரிய ஒப்பந்தம்கூட வேண்டாம். சீரியலில் அடுத்த சாமியாடி காட்சியை எழுதுவதற்கு முன்னால், தாண்டிக்குடி வரை போய் பளியர்களிடம் கேட்கலாம். வத்தலக்குண்டிலிருந்து பஸ் இருக்கு.