நிறுத்திக்கொள்ள அவர்களுக்கும் உரிமை உண்டு

2018 மே மாதம் கனடாவின் எல் மில்ஸ் தன் யூடியூப் சேனலில் ஒரு வீடியோ போட்டார். பத்தொன்பது வயதிலேயே ஓய்ந்துபோனேன் என்பதுதான் தலைப்பு. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தும் சந்தோஷமாக இல்லையே என்று அழுதார். பதற்றம் முற்றித் தவித்த நேரத்துக் காட்சிகளையும் அதில் சேர்த்திருந்தார். லட்சக்கணக்கானோர் பார்த்தோம், ஆறுதல் சொன்னோம். பின்னர் அவர் யூடியூபை விட்டே விலகினார். நாமோ மற்றவர்களிடம் எதிர்பார்ப்பதில் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

நம் ஊர்ச் சேனல்களிடமும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். இரண்டு வாரம் வீடியோ வராவிட்டால் "அண்ணா, ஆளையே காணோம்?" என்று தொடங்குவோம். அதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் "காசு வந்ததும் மாறிட்டீங்க" என்போம். உடம்புக்கு என்ன, வீட்டில் என்ன என்று கேட்கத் தோன்றுவதில்லை. அவர் சமைப்பதையும் ஊர் சுற்றுவதையும் பொழுதுபோக்காகவே பார்த்துப் பழகியதில், அவருக்கு அது வேலை என்பது மறந்துவிட்டது. யோசிப்பது, படம்பிடிப்பது, விடிய விடிய எடிட்டிங், தம்ப்நெயில் எல்லாம் பல சேனல்களில் ஒரே ஆள்தான். வீடியோ ஏறியதும், கடைசிப் பத்து வீடியோக்களில் இது எத்தனையாவது என்று யூடியூப் அவருக்குக் காட்டிவிடும். பத்தாவது இடம் என்று பார்த்துவிட்டு யாருக்குத் தூக்கம் வரும்? அந்த இடத்தை முடிவு செய்வது, பார்க்காமல் தள்ளிவிட்டுப் போகும் நம் விரல்கள்.

இப்படி வேலையில் ஓய்ந்துபோவதை, சமாளிக்கப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. அலுவலகத்தில் உடன் வேலை செய்பவருக்கு என்றால் இது நமக்குப் புரிகிறது. நாலு நாள் லீவு போடுங்க என்று நாமே சொல்கிறோம். வேலையை விட்டால் வாழ்த்தி அனுப்புகிறோம். சேனலை நிறுத்துகிறவரிடம் மட்டும் விளக்கம் கேட்கிறோம். நம்மை ஏமாற்றிவிட்டதாகக் கோபப்படுகிறோம். சப்ஸ்கிரைப் செய்ததற்காக அவர் நமக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டவர் என்று யார் சொன்னது?

பிரிட்டனின் டாம் ஸ்காட் பத்து ஆண்டுகள் வாரம் தவறாமல் வீடியோ போட்டார். களைத்துவிட்டேன், வேலையைத் தவிர வாழ்க்கையில் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, 2024 ஜனவரி 1 அன்று நிறுத்திக்கொண்டார். மனம் நிறைந்து வழியனுப்பினோம். அவரால் முடிந்தது. சேனல் வருமானத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் கட்டுகிறவரால் முடியுமா? ஆறு மாதமோ அதற்கு மேலோ எதுவும் போடாத சேனலின் விளம்பர வருமானத்தை நிறுத்திவைக்க யூடியூபின் விதியில் இடமிருக்கிறது. அந்தச் சேனலின் பழைய வீடியோக்களை நாம் தினமும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த விதி பொருந்தும். பிள்ளை பெற்றவருக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கும், மனம் ஒடிந்து கேமராவைத் தொடவே முடியாதவருக்கும் அதே ஆறு மாதம்தான். உழைத்து முடித்த வீடியோக்கள் ஓடும்வரை அதற்கான பணம் அவருக்கு வர வேண்டும், புதிது போட்டால்தான் என்று நெருக்கக் கூடாது என்று அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியவர்கள் நாம். நாம் பார்ப்பதால்தான் அதற்கு விளம்பரம் வருகிறது. ஆனாலும் இதுவரை நாம் வாய் திறக்கவில்லை.