மீனுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

'வீட்டில் மூன்றடித் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்க்க ஆசை. மகனுக்கு நீமோவும் டோரியும் ஒரே தொட்டியில் வேண்டுமாம். கூடவே சிங்க மீன், கடல் குதிரை, உயிருள்ள பவளம் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறான். எதை எதோடு சேர்க்கலாம்?' - அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கடலே இல்லாத மாவட்டத்தில் கடல் மீனா என்று யாரும் சிரிக்க வேண்டாம். கல்லங்குறிச்சி என்றதும் நமக்குக் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில்தான் நினைவுக்கு வரும். நிலவியல் படித்தவர்களுக்கோ அது ஒரு பாறை அடுக்கின் பெயர். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் ஆழம் குறைந்த கடலாக இருந்தது. அங்கே வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் படிந்து இறுகியதுதான் இன்று அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல். வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளையை ஒருமுறை அழைத்துப் போங்கள். தன் காலுக்குக் கீழே ஒரு கடல் இருந்தது என்பது அவனுக்குப் புரியும்.

இனி தொட்டிக்கு வருவோம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைப்போல, கடல் மீனுக்கும் பார்த்தே ஆக வேண்டும். பத்துப் பொருத்தம் தேவையில்லை, நான்கு போதும். அதற்கு முன், ஏன் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்களைக் கலந்து வளர்த்துப் பழகியவர்கள், கடல் மீனையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். பவளப்பாறையில் வாழும் மீன்களில் பலவற்றுக்குத் தனக்கென்று ஒரு பொந்து, அதைச் சுற்றி ஒரு எல்லை உண்டு. வேறு மீன் உள்ளே வந்தால் விரட்டும். கடலில் தோற்ற மீன் நீந்திப் போய்விடும். மூன்றடித் தொட்டியில் எங்கே போகும்? மூலையில் ஒதுங்கும், சாப்பாட்டை நிறுத்தும், நோய் வரும், கடைசியில் மிதக்கும். 'தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, எப்படிச் செத்தது என்றே தெரியவில்லை' என்று சொல்பவர்கள் பலருடைய தொட்டியில் நடந்திருப்பது இதுதான்.

இடப் பொருத்தம்

கடையில் பார்க்கும் அளவை வைத்து மீன் வாங்காதீர்கள். அது வளர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். உங்கள் மகன் கேட்கும் டோரி, அதாவது புளூ டாங், கடையில் இரண்டு அங்குலம் இருக்கும். வளர்ந்தால் ஏறக்குறைய ஓர் அடி. நாள் முழுக்க நீளமாக நீந்திக்கொண்டே இருக்கும் இனம் அது. ஆறடித் தொட்டியாவது வேண்டும். மூன்றடித் தொட்டியில் அதை வைப்பது, ஓட்டக்காரரைக் குளியலறையில் பூட்டி வைப்பதைப்போல. எனவே டோரி வேண்டாம்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 180 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போட்டபின் 150 லிட்டர் தண்ணீர் தேறும். அதற்கு ஐந்து அல்லது ஆறு சிறிய மீன்களே அதிகம்.

வாய்ப் பொருத்தம்

ஒரு மீனின் வாய்க்குள் இன்னொரு மீன் நுழையும் என்றால், ஒரு நாள் நுழைந்தே தீரும். சிங்க மீன் பார்க்க அழகு. அசையாமல் நிற்கும், சாதுவைப்போல இருக்கும். இரவில் விளக்கை அணைத்தபின் சின்ன மீன்களையும் இறால்களையும் ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். போதாததற்கு அதன் முதுகு முள்ளில் விஷம். பிள்ளைகள் கை விடும் தொட்டியில் அது கூடவே கூடாது. கிளாத்தி வகை மீன்களும் அப்படித்தான். நத்தை, நண்டு, இறால் எதையும் கடித்து உடைத்துவிடும்.

குணப் பொருத்தம்

புதிதாக வளர்ப்பவர்களிடம் கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது டாம்செல் மீன்களைத்தான். விலை குறைவு, எளிதில் சாகாது. கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த டாமினோ டாம்செல் குட்டியாக இருக்கும்போது கொஞ்சத் தோன்றும். ஆறு மாதம் போனால் அதுதான் அந்தத் தெருவுக்கு ரவுடி. பின்னால் வரும் எந்த மீனையும் நிம்மதியாக இருக்க விடாது. கல்லையெல்லாம் வெளியே எடுக்காமல் அதைப் பிடிக்கவும் முடியாது. முதல் மீனாக டாமினோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விதி: ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே உணவு என்று ஒன்றுபோல இருப்பவைதான் அதிகம் சண்டை போடும். இரண்டு வேறு இனக் கோமாளி மீன்களைச் சேர்க்காதீர்கள். மேலே நீந்துவது ஒன்று, நடுவில் ஒன்று, மணலில் குடியிருப்பது ஒன்று என்று பிரித்துத் தேர்ந்தெடுத்தால், ஒருவர் வழிக்கு ஒருவர் வரமாட்டார்கள்.

உணவுப் பொருத்தம்

பலர் பார்க்கத் தவறுவது இதைத்தான். சண்டையே போடாத மீன்களும் பட்டினியால் சாகும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் உயிருள்ள பவளத்தைக் கொறித்தே வாழ்பவை. நாம் போடும் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மாண்டரின் மீன் கல்லிடுக்கில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களை நாள் முழுக்கத் தேடித் தின்னும்; புதுத் தொட்டியில் அவை இருக்காது. மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் ராஸ் மீனுக்கும் வீட்டுத் தொட்டியில் வயிறு நிறையாது. இவற்றை வாங்குவது அழகைக் காசு கொடுத்து வாங்கிப் பட்டினி போடுவதற்குச் சமம்.

எனவே கடையில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். 'இந்த மீன் சாப்பிடுவதைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். கண்முன்னே தீவனத்தை ஓடிவந்து எடுக்கும் மீனை மட்டும் வாங்குங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடை.

பவளமும் கடல் குதிரையும்

உங்கள் மகனின் பட்டியலில் இருக்கும் இந்த இரண்டுக்கும் பொருத்தம் பார்க்கும் பேச்சே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடல் குதிரைகளும், பாறை கட்டும் பவளங்களும், கடல் விசிறியும் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. 'செத்த பவளம்தானே, அலங்காரத்துக்கு ஒரு துண்டு' என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. பீங்கானிலும் சிமென்டிலும் கடல் தொட்டிக்கென்றே செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல்லில் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறும், மீனும் ஒளிந்துகொள்ளும். அது போதும்.

'எங்கள் ஊர்ச் சிப்பிக் கல்லைப் போடலாமா?' என்று தோன்றலாம். வேண்டாம். புதைபடிவம் கிடந்த இடத்தில் இருந்தால்தான் ஆய்வாளர்களுக்குப் பயன். களிமண் கலந்த கல் தண்ணீரைக் கலக்கியும் விடும்.

சரி, எதைத்தான் வாங்குவது?

மூன்றடித் தொட்டிக்கு நான் போடும் குடும்பம் இது.

கோமாளி மீன் 2: உங்கள் மகனின் நீமோ. கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் ஒன்று சற்றுப் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் பார்த்து வாங்கினால் தானே ஜோடி ஆகிவிடும். மூன்றாவதைச் சேர்த்தால் சண்டைதான். கடல் சாமந்தி இல்லாமலே நன்றாக வாழும். எனவே அதைத் தேடி அலைய வேண்டாம்.

பாங்காய் கார்டினல் 1: வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடு. நடுத்தண்ணீரில் அமைதியாக நிற்கும். இந்தோனேசியக் கடலில் மிக அதிகமாகப் பிடிக்கப்பட்டு அருகிவிட்ட இனம். ஆகவே பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஃபயர்ஃபிஷ் 1: சாது. பயந்தால் துள்ளி வெளியே விழுந்துவிடும். தொட்டிக்கு வலை மூடி கட்டாயம்.

வாட்ச்மேன் கோபி 1: மணலில் குடியிருக்கும். கூடவே ஒரு பிஸ்டல் இறாலையும் விட்டால், கண் பார்வை குறைந்த அந்த இறால் வளை தோண்ட, மீன் வாசலில் காவல் இருக்கும். பிள்ளைகள் டிவியை மறந்துவிடுவார்கள்.

லான்மோவர் பிளென்னி 1: பாசி தின்னும். தொட்டியில் பாசி பிடித்தபின், நான்கைந்து மாதம் கழித்துதான் இதை விட வேண்டும்.

இவற்றோடு நான்கைந்து நத்தைகள், ஒரு கிளீனர் இறால். அவ்வளவுதான். ஆசை இன்னும் இருந்தால் அதை அடுத்த தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியவை. நம் கடலில் இருக்கும் சீபே கோமாளி மீனும் அப்படி வளர்க்கப்பட்டதுதான்.

பண்ணை மீனுக்குக் குருணைத் தீவனம் பழக்கம். கண்ணாடிச் சுவரும் மனித முகமும் பழக்கம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கடலில் பிடித்த மீன் பயத்தோடும் ஒட்டுண்ணியோடும் வருகிறது. தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாக நீந்தும். வீட்டுக்கு வந்தபின் காரணமே தெரியாமல் சாகும். எனவே முதல் கேள்வியே 'பண்ணை மீனா?' என்பதாக இருக்கட்டும்.

அவசரம் வேண்டாம்

உப்புத் தண்ணீர் கலந்த அன்றே மீன் விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மீன். அரியலூர் பக்கம் சுண்ணாம்பு பூமி. போர் தண்ணீர் கடினம். ஆர்.ஓ. தண்ணீரில்தான் கடல் உப்பைக் கலக்க வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றினால் உப்பு அப்படியே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உங்கள் ஊர் வெயிலுக்கு மின்விசிறி போதாமல் போகலாம். சில்லருக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கையில் இருக்கட்டும்.

சென்னை கொளத்தூரில் வாங்கி ரயிலில் கொண்டுவருவதானால், ஆக்சிஜன் நிரப்பிய பையைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வந்ததும் நேரே பெரிய தொட்டியில் கொட்டாமல், தனித் தொட்டியில் இரண்டு முதல் நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் அங்கேயே வைத்தியம் செய்துவிடலாம். அதற்குப் போடும் செம்பு மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொட்டியில் அதை ஊற்றவே கூடாது.

விடும் வரிசையும் முக்கியம். சாதுவானவை முதலில், துணிச்சலானவை கடைசியில். முதலில் ஃபயர்ஃபிஷ், கார்டினல், அடுத்து கோபி, அதன்பின் கோமாளி ஜோடி, பாசி பிடித்தபின் பிளென்னி. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். புது மீன் விடும் நாளில் இரண்டு கல்லை இடம் மாற்றி வைத்து, விளக்கை அணைத்துவிடுங்கள். பழையவர்களுக்கும் வீடு புதிதாகிவிட்டால் எல்லைத் தகராறு குறையும்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: நீமோ வருவான், காத்திருக்க வேண்டும். டோரி கடலிலேயே இருக்கட்டும். அந்த ஆறு வாரத்தில் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதும் வேலையை அவனிடமே கொடுங்கள். ஒரு நாளும் விடாமல் எழுதினானா, அந்த வீட்டில் மீன் பிழைக்கும்.

அடுத்த வாரம்: வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீரைக் குளுமையாக வைப்பது எப்படி?