பனியன் கம்பெனி பைலில் தூங்கும் ஆதார்

திருப்பூர்ச் சுவர்களில் 'டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸில் உள்ள எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். கூலி பேசி முடிப்பதற்குள் 'ஆதாரை வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க' என்பார்கள். அந்தப் படம் காண்ட்ராக்டர் போனிலிருந்து சூப்பர்வைசர் போனுக்கும், அங்கிருந்து ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்கும் போய், கடைசியில் கம்பெனி பைலில் காகிதமாக அடங்கும். தங்கும் அறைக்கு ஒரு நகல், சிம் கார்டுக்கு ஒன்று, வங்கிக் கணக்குக்கு ஒன்று. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் ஆர்டர் இருக்கும் பக்கம் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார். அவர் விட்டுப்போன நகல்கள் அங்கங்கே அப்படியே கிடக்கும். அடையாளத் திருட்டு என்றதும் 'ஓடிபி சொல்லாதே, லிங்கைத் தொடாதே' என்று தொழிலாளிக்கே பாடம் நடத்துகிறோம். நகல் கேட்டு வாங்கிக் குவிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் வழக்கு அவர்களோடுதான்.

ஒரு நகலை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று சிலர் சிரிக்கலாம். 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை ஜிஎஸ்டி அதிகாரிகள் நாடு முழுக்க நடத்திய சோதனையில் 21,791 பதிவுகளுக்குரிய நிறுவனங்கள் இருந்த இடமே இல்லை என்று தெரிந்தது. ஏய்த்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வரி 24,010 கோடி ரூபாய். இப்படிப்பட்ட பதிவுகளுக்கு வேறு யாருடைய பானோ ஆதாரோதான் பல நேரங்களில் பயன்படுகிறது. சரக்கு ஓரடி நகராது, பில் மட்டும் ஓடும். அதைக் காட்டி இன்னொருவர் உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொள்வார். நோட்டீஸ், பெயருக்குரியவர் வீட்டுக்கு வரும். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஒரு டி-சர்ட் முடிவதற்குள் பில்லும் சலானும் பல கை மாறும் ஊர் இது. நடுவில் ஒரு போலிப் பெயர் நுழைந்தால் யார் கண்ணில் படும்? ஓடிபி இல்லாமல் நடக்காதே என்றால், 'பிஎஃப்ல ஏத்தணும், வந்த நம்பரைச் சொல்லு' என்று மேலே இருப்பவர் கேட்டால் சொல்லாமல் இருக்கும் தைரியம் வேலைக்கு வந்த முதல் நாளில் எவருக்கும் இருக்காது. பதிவிறக்கிய இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறது என்பதும் பெரிய ஆறுதல் இல்லை. பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. இரண்டும் அட்டையிலேயே அச்சாகியிருக்கின்றன.

நகல் வாங்காமல் எப்படி ஆள் சேர்ப்பது என்பது முதலாளிகளின் கேள்வி. நியாயமான கேள்விதான். 2025 ஜனவரியில் பல்லடம் வட்டாரத்தில் வங்கதேசத்தினர் கைதானபோது போலி ஆதார் பேச்சு அடிபட்டது. வீடு கொடுத்தவரையும் வேலை கொடுத்தவரையும் போலீஸ் விசாரிக்கும்போது கையில் ஒரு காகிதம் இருந்தால் தெம்புதான். ஆனால் அந்தக் காகிதம் எதைச் சரிபார்த்தது? போலி அட்டையும் நல்ல அட்டையும் ஜெராக்ஸில் ஒரே கறுப்புதான். அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால், ஆணையம் மின்னணுக் கையொப்பமிட்ட பெயரும் படமும் திரையில் வரும். பொய்ச் சான்று கொடுத்து வாங்கிய அசல் ஆதாரை இதுவும் பிடிக்காது. ஜெராக்ஸ் மட்டும் பிடித்துவிடுமா?

அரசும் இதில் தடுமாறியிருக்கிறது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்றது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றார்கள். சொன்ன யோசனை சரி, திரும்பப் பெற்றதுதான் தப்பு. பிஎஃப், இஎஸ்ஐ பதிவுக்கு முழு எண் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பதிவு முடிந்த பிறகும் அந்தப் படம் சூப்பர்வைசர் போனில் எதற்கு?

தொழிலாளி செய்யக்கூடியதும் உண்டு. சஞ்சார் சாத்தி தளத்தில் தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே பான் எண்ணைப் போட்டு, தன் பெயரில் ஏதாவது நிறுவனம் 'நடக்கிறதா' என்று தேடலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பதும் நல்லது. ஆனால் இரவு ஷிப்ட் முடித்து வரும் ஒடிசாக்காரரிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவுவது ஏமாற்று வேலை.

வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்தால் வயதுச் சான்று பைல் கேட்பார் என்பது ஏற்றுமதியாளர்களின் இன்னொரு பதில். ஐரோப்பிய பையர் தன் நாட்டில் 2018 முதல் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிக்குக் கட்டுப்பட்டவர். எண்ணை மறைத்த நகலில் வயது தெரிகிறது, அது போதாதா என்று அவரிடம் கேட்டுப் பார்க்கலாமே. நம் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி வரை அபராதம். அலமாரிக் காகிதம் இந்தச் சட்டத்துக்குள் வராது, டிஜிட்டல் தரவு மட்டும்தான் வரும். காண்ட்ராக்டரின் போன் கேலரியில், பேரன் படத்துக்கும் ஸ்டைல் சாம்பிள் படத்துக்கும் நடுவில் கிடக்கிற முந்நூறு ஆதார் அட்டைகள் வரும்.