ஒரே வேர், இரண்டு சாப்பாடு

எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் இருக்கிறது பெத்லகேம். எபிரேயம் பேசுகிறவர் அதை 'பேத் லெஹெம்' என்பார். அவர் காதுக்கு அது 'அப்பத்தின் வீடு'. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அரபுக்காரர் 'பைத் லஹ்ம்' என்பார்; அவர் காதுக்கு அது 'இறைச்சி வீடு'. இதில் அசல் பொருள் எது என்று பலர் கேட்கிறார்கள். ஒரு வேருக்கு ஒரே பொருள்தான் இருக்கும், மற்றவை அதிலிருந்து பிசகியவை என்ற எண்ணத்திலிருந்து பிறக்கும் கேள்வி அது. அந்த எண்ணத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

தமிழில் 'நட' என்பது நடை, நடத்தை, நடப்பு என்று வளரும்போது சொல்லின் தலை அப்படியே நிற்கிறது, வால்தான் மாறுகிறது. எபிரேயம், அரபி போன்ற செமித்திய மொழிகளில் மாற்றம் சொல்லின் வயிற்றுக்குள் நடக்கிறது. பெரும்பாலும் மூன்று மெய்கள் எலும்பாக நிற்கும்; அதுவே வேர். அவற்றுக்கு இடையே உயிர்கள் மாறி மாறி வந்து அமரும். அரபியில் க்-த்-ப் என்ற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'கதப' என்றால் எழுதினான். 'காதிப்' எழுதுகிறவன், 'மக்தூப்' எழுதப்பட்டது, 'கிதாப்' புத்தகம். அந்த மூன்று மெய்கள் மட்டும் எந்த வாயும் தனியே உச்சரிக்கும் சொல் அல்ல. அவை ஒரு குடும்பத்தின் சாயல், அவ்வளவுதான்.

லெஹெமும் லஹ்மும் சேர்ந்த ல்-ஹ்-ம் குடும்பத்துக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. சிரியக் கடற்கரையில் இருந்த, கி.மு. 1200 வாக்கில் அழிந்த உகாரித் நகரத்தை 1929 முதல் தோண்டியபோது களிமண் ஏடுகள் கிடைத்தன. அந்த ஏடுகளின் மொழியில் இதே மூன்று மெய்கள் 'உண்' என்ற வினையாகவும், உணவு, அப்பம் என்ற பெயராகவும் வருகின்றன. எபிரேய 'லெஹெம்' கூடப் பல இடங்களில் பொதுவாக உணவையே குறிக்கிறது. உண்பது என்ற பொதுப்பொருள், எது முதன்மையான உணவோ அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது; உழுதவர்களிடம் அப்பம், மந்தை மேய்த்தவர்களிடம் இறைச்சி என்று விளக்குவோர் உண்டு. எனக்கு அது நம்பத்தக்கதாகவே படுகிறது. நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். 'கறி' என்றால் ஒரு வீட்டில் ஆட்டிறைச்சி, அடுத்த தெருவில் வாழைக்காய்ப் பொரியல். இரண்டு வீட்டாரும் தவறாகப் பேசவில்லை.

ஆனால் மெய்கள் ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஒலிகள் ஒழுங்காக மாறியிருக்க வேண்டும். நாக்கைப் பல்லிடையே வைத்து அரபியில் சொல்லும் 'த்' எபிரேயத்தில் 'ஷ்' ஆகும், அவற்றின் உறவு மொழியான அரமேயத்தில் சாதாரண 'த்' ஆகும். அதனால்தான் காளை அரபியில் தௌர், எபிரேயத்தில் ஷோர், அரமேயத்தில் தௌரா. இந்த ஒழுங்கு பல சொற்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒலி பொருந்தினாலும் பொருளைப் பார்த்துத் தயங்க வேண்டிய இடங்கள் உண்டு. எபிரேயத்தில் போருக்கு 'மில்ஹமா' என்று பெயர், அதிலும் அதே ல்-ஹ்-ம். அப்பத்துக்காகத்தான் போர் என்று அழகாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது உருவத்தில் மட்டும் ஒத்த வேறொரு வேராகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பெத்லகேம் என்ற பெயரையே 'லஹாமு' என்ற தெய்வத்தோடு இணைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கும் விளக்கத்தை இன்னும் கூர்ந்து சோதிக்க வேண்டும்.

செமித்திய வேர்களில் இன்னொன்று நம் தாலுகா ஆபீஸ் வரை வந்திருக்கிறது. தொண்டையின் அடியில் பிறக்கும் 'ஐன்' என்ற மெய், அதோடு ம், ல். அரபியில் 'அமல்' என்றால் செயல், வேலை. 'மஃமூல்' என்றால் செய்யப்பட்டது; மேலே பார்த்த மக்தூப் வார்க்கப்பட்ட அதே அச்சு. பாரசீகம், இந்துஸ்தானி வழியே இரண்டும் தமிழுக்கு வந்தன. சட்டம் 'அமலுக்கு' வருகிறது. வழக்கமாகச் செய்யப்படுவது 'மாமூல்' ஆயிற்று. பிறகு வழக்கமாகக் கைமாறும் பணமும் மாமூல் ஆயிற்று. கடைசிப் பொருளை அரபுக்காரரிடம் சொன்னால் அவருக்கு விளங்காது.

எபிரேயத்தில் இதே வேர் கடும் உழைப்பின் பக்கம் சாய்ந்தது. பிரசங்கி புத்தகத்தில் தமிழ் விவிலியம் 'பிரயாசம்' என்று சொல்லும் இடங்களில் மூலத்தில் அடிக்கடி நிற்பது 'ஆமால்'. துன்பம் என்ற பொருளும் அதற்கு உண்டு. இன்றைய இஸ்ரேலில் 'ஹித்அம்லூத்' என்றால் உடற்பயிற்சி. 'அம்லா' என்றால் தரகர் வாங்கும் கமிஷன். மாமூலும் அம்லாவும் ஒன்றையொன்று அறியாமல், தனித்தனி வழியில் நடந்து, பணத்தில் வந்து நிற்கின்றன.