மனச்சுமைக்கும் ஒரு சுமைதாங்கி

நம் நாட்டுப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கர், பிறர் கைகொடுக்காமலே சுமையை அதன்மேல் இறக்கி வைத்து, சற்றே இளைப்பாறி, மீண்டும் எடுத்துக்கொண்டு நடப்பர். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நடப்பட்டவை பல. தலைச்சுமைக்கு இவ்வாறு வழி கண்ட சமுதாயம், மனச்சுமைக்கு என்ன வழி செய்திருக்கிறது?

காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் ஓடுகிறோம். ஒரு பெண் பல நாள் உறங்காமல், உண்ணாமல், எவரோடும் பேசாமல் இருந்தால் மட்டும் "அவளுக்குத் திமிர்" என்கிறோம். "காற்றுக் கருப்பு" என்கிறோம். மிஞ்சினால், "செபம் செய், சரியாகிவிடும்" என்கிறோம். 2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை உண்டு. நோயின் வகைக்கேற்ப, அவர்களுள் 100க்கு 70 முதல் 92 பேர் வரை தக்க சிகிச்சை பெறுவதில்லை. சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைப் பெறும் இடம் ஏழையின் ஊரில் இருக்கிறதா?

இங்கிலாந்தில் நடந்த ஒன்றை இங்கே எண்ணிப் பார்ப்போம். 1935இல் லிங்கன் நகரில் சாட் வாரா என்னும் இளம் ஆங்கிலிக்கன் குரு, 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்தார். பூப்பெய்தியதைக் கொடிய நோய் என்று அஞ்சி அவள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கொன்றது நோயன்று. கேட்டுத் தெளிய ஓர் ஆள் இல்லாமையே! அதை அவர் மறக்கவில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தம் கோயிலிலேயே ஒரு தொலைபேசியை வைத்து, துயருற்றோர் அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரில் வந்தவர்கள் காத்திருந்தபோது, உதவிக்கு வந்த தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தனர். வந்தவர்களுள் பலர் குருவைக் காணாமலே மனம் தேறிச் சென்றனர். பரிவோடு செவிகொடுப்பதே பாதி மருந்து என்று அவர் கண்டார். மறு ஆண்டே அப்பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். சமாரித்தன்ஸ் இயக்கம் இவ்வாறு பிறந்தது. இதே வழியில் 1974இல் இலங்கையில் சுமித்ரயோவும், 1986இல் சென்னையில் சிநேகாவும் தோன்றின.

கோயிலில் தொடங்கிய இப்பணி நம் பங்குகளிலும் ஏன் நடைபெறக்கூடாது? 1833இல் பாரிசில் ஓசானாம் முதலிய கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே சென்று காண்பதைத் தன் முதற்பணியாகக் கொண்டது. அரிசியோடு வீட்டு வாசலை மிதிப்பவருக்கு, அரிசியால் தீராத துன்பமும் கண்ணில் படும். அத்தகைய தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பங்கு வளாகத்தில் வாரம் இருமுறை ஓர் அறையைத் திறந்து, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை அமர்த்துங்கள். நகரத்துக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் இழக்க முடியாதவர்கள் நடந்தே வருவார்கள். மனநல மருத்துவமனை வாயிலில் நின்றால் ஊர் பேசும். கோயில் வளாகத்தில் நுழைந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

"பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே!" என்று சிலர் கூறலாம். பாவத்துக்கு அது மருந்து. ஆனால் துயரம் பாவமன்றே! குடிகாரத் தந்தையிடம் அடிபடும் சிறுமி எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

ஆயினும் இப்பணிக்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. நல்ல மனம் மட்டும் போதாது. முறையான பயிற்சி வேண்டும். எம்மதத்தவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். அங்கே பிரசங்கம் கூடாது, மதமாற்ற நோக்கம் அறவே கூடாது. சொன்னது வெளியே போகக்கூடாது; உயிருக்கு ஆபத்து என்றாலன்றி, தலைமை ஆசிரியைக்கோ பங்குக் குருவுக்கோ பெற்றோருக்கோ கூட அது எட்டலாகாது. நோய் என்று தெரிந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். செபம் மருந்துக்குத் துணை, மாற்று அன்று.

அன்புத் தோழியரே! பெரியவர்கள் அறை திறக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. "பைத்தியம்" என்று ஒருத்தியைக் கேலி செய்வதை இன்றே நிறுத்துவோம். வாடிய முகத்தோடு தனித்திருப்பவள் அருகில் சென்று அமர்வோம். அவள் சொல்வதை இடைமறிக்காமல் கேட்போம். சாவைப் பற்றி அவள் பேசினால், அதை இரகசியமாக வைக்காமல் நம்பத்தக்க ஆசிரியையிடம் உடனே கூறுவோம். 2022 முதல் 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. அவ்வெண்ணை நாமும் நினைவில் வைப்போம், நம் அன்னையர்க்கும் சொல்வோம். கேட்க ஆளில்லை என்று இனி ஒரு பெண்ணும் உயிர் நீங்காதிருக்கட்டும்!